பெயர்ப் பொருத்தம்

மனாமாவில், பாப் அல் பஹ்ரைனுக்குப் பின் தெரு.
கீழே ஏழு கவுண்டர்.
மேலே சன்னல் இல்லாத அறையில் நாங்கள் இரண்டு பேர்.
பேங்க் வேலை என்கிறாள் அம்மா, ஊரில் கேட்பவர்களிடம்.
பேங்க் இல்லை, எக்ஸ்சேஞ்ச்.
எண்ணுவதில்லை, நிறுத்துவது என் வேலை.
போகிற பணத்தின் கையைப் பிடித்து
நீ யாருடையது என்று கேட்பது.

திரையில் சிவப்பு விழும்.
இந்தப் பெயரும் தடைப்பட்டியல் பெயரும்
எண்பத்தேழு சதவீதம் பொருத்தம்.
பத்துக்கு எட்டு அமைந்தால்
ஊரில் மண்டபம் பார்ப்பார்கள்.
நாங்கள் கதவைச் சாத்துகிறோம்.

சம்பளம் போட்ட வெள்ளிக்கிழமை.
ஜெசிந்தா நான்காம் கவுண்டரில்.
நோட்டெண்ணித் தேய்ந்த அவள் விரலை
வருகைப்பதிவு மெஷினுக்கு அடையாளம் தெரிவதில்லை.
பணவண்டி ஓட்டும் மீர் பக்ஷ்
முதுகுக்குப் பின்னால் இரண்டு லட்சம் தினார் இருக்க
ஒரு டீக்கு இறங்க அனுமதி இல்லாதவர்.
எதிர்க் கட்டடத்து டீலிங் ரூமில் ஹனான்,
ரூபாயின் மூன்றாவது தசமத்துக்காக
நேற்று போனில் கத்தித் தொண்டை கட்டி
இன்று சைகையில் காபி கேட்கிறாள்.
பிரிட்டோ கிரெடிட் கார்டு விற்றுக்கொண்டிருந்தான்.
போன மாதம் வசூல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.
அதே நம்பர்கள்தான்க்கா, என்றான்,
சார் மட்டும் சொல்றதில்ல.

இரவு எட்டரைக்கு ஒரு சிவப்பு.
காதர் மைதீன் முகம்மது தம்பி.
முன்பாதி இவர், பின்பாதி இவர் வாப்பா.
படிவம் குடும்பப் பெயர் கேட்டது;
நமக்கேது குடும்பப் பெயர்?
இனிஷியலைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.
ஏசி மெக்கானிக், சித்ரா தீவு.
நூற்று நாற்பது தினார்.
பட்டியல்காரனுக்கும் இதே பெயர், ஐந்து விதமான ஸ்பெல்லிங்கில்.
பிறந்த வருடமும் ஒன்று; தேதி தெரியாதாம்.
இவருக்கு ஜூன் ஒன்று.
ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் போட்ட ஜூன் ஒன்று,
பாதி ஊர் பிறந்த நாள்.

கீழே இறங்கிக் கேட்டேன்.
யாருக்கு? எதற்கு?
‘மச்சானுக்கும்மா. ஐஸ் ஃபேக்டரியில மோட்டார் போயிருச்சு.’
காரணங்களின் பட்டியலில் மோட்டார் இல்லை.
குடும்பப் பராமரிப்பு என்று அழுத்தினேன்.

‘போன வருஷமும் இப்பிடித்தான் நின்னுச்சு.
எம்பேர்ல இன்னொருத்தன் இருக்கானாம்ல?
எந்த ஊரும்மா அவன்?’
சொல்லக் கூடாது. சொன்னால் என் வேலை போகும்.
சிஸ்டம் ஸ்லோ என்றேன்.
‘பாவம்’ என்றார்,
சிஸ்டத்தையா அவனையா தெரியவில்லை.
‘அவனுக்கும் மச்சான் கிச்சான் இருப்பான்.
அங்கயும் எம்பேரச் சொல்லி நிறுத்துறாங்களோ என்னமோ.’

ஒன்பதே காலுக்கு விட்டேன்.
விளக்கம் எழுத இருநூறு எழுத்துக்கு இடம் தருவார்கள்.
ஆள் வேறு, என்று மட்டும் எழுதினேன்.

அடைக்கும் நேரத்தில் என் பணத்தையும் போட்டேன்.
ஊழியர்களுக்குக் கட்டணம் பாதி, சிவப்பில் சலுகை இல்லை.
விழுந்தது.
ஊர்க் கணக்கில் என் பெயரோடு அப்பா.
பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அவன்,
தீர்ப்பு வந்து இரண்டு வருடமாகியும் இறங்காமல்.
பத்துக்கு ஒன்பது பொருந்திய ஜாதகம்.
என்னுடையதை நானே விடுவிக்கக் கூடாது என்பது விதி.
பக்கத்து நாற்காலி ரோவெனா
நாற்காலியோடு உருண்டு வந்தாள்.
இரண்டு பெயரையும் பார்த்தாள்.
இரண்டும் ஒரே ஆளா? என்றாள்,
கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய குரலில்.

ஆமாம் என்று போடு, என்றேன்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
கீழே ஜெசிந்தா ஷட்டரை இழுக்கும் சத்தம்.